கடுக்காய் வந்தால் கட்டாயம்

எதிரில் இருப்பவர் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டால் போதும், எங்கள் டாக்டரம்மா தன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். டீ கிளாஸ் என்றாலும் சரி, கன்றுக்குட்டியின் கால் என்றாலும் சரி.

“பாக்கலாம்னா இன்னாங்க அர்த்தம்? வருவேன், வரமாட்டேன், யோசிச்சு நாளைக்குச் சொல்றேன். இதுல எது? மூணுமே எனக்குச் சம்மதந்தான். எதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

கோபமாகக் கேட்கமாட்டார். ஊசி போடும் முன் மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுப்பாரே, அந்தக் குரலில் கேட்பார். அந்தக் குரலிடமிருந்து தப்பிக்க முடியாது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிர் டீக்கடைக்காரர் ஊருக்கெல்லாம் “தோ வருது” என்பார். அவருக்கு மட்டும் “ரெண்டு நிமிசம்மா, பால் இன்னும் பொங்கல” என்பார். அச்சகம் வைத்திருக்கிற நான் கல்யாணப் பத்திரிகைக்காரர்களிடம் நாளெல்லாம் “பார்க்கலாம்” சொல்லிப் பிழைத்தவன். அவர் பழக்கமான பிறகு அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, உள்ளே போய்விடும்.

மாட்டு டாக்டர் அவர். களமருதூரில் நெல்வயலுக்கு நடுவே வளர்ந்தவர். கல்வராயன் மலையில், கரியாலூரையும் தாண்டி ஒரு சிற்றூரில் வேலை. எங்கள் இருவருக்கும் அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம், தோளில் துணிப்பை, பையைத் திறந்தால் டிஞ்சர் வாசனை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதியிருந்தால், “எதுக்கு எழுதினீங்கன்னும் கூடவே எழுதுங்க” என்று கேட்கக்கூடியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்தில் மலையிறங்கி வருவார். மாலை நாலரை பேருந்தில் ஏறிவிடுவார். நடுவில் உள்ள நேரம் எங்கள் மனமகிழ் மன்றத்துக்கு. முன்னறையில் கேரம் போர்டு அதிரும். பின்னறையில் ஒரே ஒரு பச்சைத் துணி மேசை, நான்கு நாற்காலி, மேற்கே ஒரு ஜன்னல். ஜன்னலில் மலை. வெயில் ஏற ஏற அதன் நீலம் வெளுத்து, மூன்று மணிக்கு வானத்தில் கரைந்தே போகும். அந்த மேசையில் நாங்கள் ஆடியது பிரிட்ஜ்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் ஆடுவது; எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆடுவதற்கு முன் ஓர் ஏலம் நடக்கும். எந்த நிறம் துருப்பு, பதின்மூன்று சுற்றில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து எத்தனை பிடி பிடிப்போம் என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஏலத்தில் அவர் சொல்வதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அங்கே பேச அனுமதி உள்ளவை மொத்தம் பதினைந்தே சொற்கள். ஒன்று முதல் ஏழு வரை எண்கள், ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர் என்று நான்கு நிறங்கள், துருப்பே வேண்டாம் என்பதற்கு ஒரு சொல், பாஸ், எதிராளிக்குச் சவாலாக டபுள், அதற்கு எதிர்ச்சவாலாக ரீடபுள். அவ்வளவுதான் அந்த மொழி. இருமுவதும் புருவம் தூக்குவதும் பதினாறாவது சொல். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அவர் வருவதற்குமுன் நாங்கள் பேசியதெல்லாம் அந்தப் பதினாறாவது சொல்லைத்தான். எங்களோடு ஆடும் ரைஸ்மில்காரர் கையில் சரக்கு இருந்தால் “பா...ஸு” என்று இழுப்பார். வெறுங்கை என்றால் “பாஸ்” என்று வெட்டுவார். இரண்டாவது ஞாயிறே டாக்டர் பிடித்துவிட்டார்.

“மில்லுக்காரரே, உங்ககிட்ட ரெண்டு பாஸ் இருக்குது. ஆட்டத்துல ஒண்ணுதான் குடுத்திருக்காங்க.”

“அட, தொண்ட கரகரப்பும்மா. தவுட்டுத் தூசி.”

“அப்டின்னா எல்லாப் பாஸையும் கரகரன்னே சொல்லுங்க. எனக்குக் கேக்கறதுக்கு இன்னா.”

அன்று முதல் ரைஸ்மில்காரர் டிக்கெட் கேட்கும் கண்டக்டரைப் போல ஒரே குரலில் பாஸ் சொல்லப் பழகினார். வீட்டிலும் அப்படியே பேசுகிறார் என்று அவர் மனைவி சிரித்ததாகக் கேள்வி.

புதிதாக யாரோடு கூட்டுச் சேர்ந்தாலும் சீட்டைத் தொடுவதற்குமுன் டாக்டர் கேட்பது ஒன்றுதான்: “மொதல்ல பேசிக்கலாமா?” எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று பேசி முடித்தபிறகுதான் சீட்டு. பேசியதை எதிராளிகளுக்கும் சொல்லிவிடுவார். நான் ஒருமுறை, “எல்லாத்தையும் அவங்களுக்குச் சொல்லிட்டா அப்பறம் நமக்கு இன்னா டாக்டர் மிச்சம்?” என்றேன்.

“சீட்டு மிச்சம் சார். அத மட்டும் மறைச்சுக்கலாம். நாம பேசி வெச்சத மறைச்சா அதுக்குப் பேரு ஒப்பந்தம் இல்ல, சதி.”

ஏலங்களில் வகை உண்டு. சில வெறும் தகவல். சில அழைப்பு: உன் கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மேலே வா, இல்லையென்றால் பாஸ் சொல்லி இங்கேயே நிறுத்திவிடு. இன்னும் சில, கூட்டாளி பாஸ் சொல்லவே கூடாத ஏலங்கள். கையில் ஒரு படமும் இல்லாமல் இருந்தாலும், ‘என்னிடம் ஒன்றுமில்லை’ என்பதற்கென்று வைத்திருக்கும் ஏலத்தையாவது வாய்திறந்து சொல்லியே ஆகவேண்டும். ஃபோர்சிங் என்று இங்கிலீஷில் சொல்வதை அவர் ‘கட்டாயம்’ என்பார்.

நான் அவரோடு கூட்டுச் சேர்ந்த முதல் நாளே அவர் சொன்ன ஒரு கட்டாயத்துக்குப் பாஸ் சொன்னேன். ஏலம் அங்கேயே செத்தது. எட்டுப் பிடிக்குச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு பிடித்தோம். அவ்வளவு பெரிய கையை அவ்வளவு சின்னதாக விற்றவர்கள் அந்த மன்றத்திலேயே கிடையாது. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“தப்பு உங்களுது இல்ல பிரஸ் சார். நாம அதப் பேசிக்கல.” பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு வரி எழுதிக்கொண்டார்.

தோற்ற இடத்தில் ஆளைத் தேடாமல், அங்கே இருந்திருக்க வேண்டிய ஓர் உடன்பாட்டைத் தேடுகிறவரை அதற்குமுன் நான் கண்டதில்லை. அது பிடித்திருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நானோ கதை என்ற பேரில் மூடுபனியை எழுதுகிறவன். ஒரு சொல்லுக்கு மூன்று வாசல் வைத்து, மூன்றையும் பாதி திறந்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். என் அச்சகத்திலேயே அடித்த சின்னப் புத்தகம் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு திருப்பித் தந்தார்.

“நல்லா இருக்குது சார். மழ வர்ற எடம் ரொம்ப நல்லா இருக்குது. ஆனா படிச்சு முடிச்சதும் நான் இன்னா பண்ணணும்?”

அந்தக் கேள்விக்கு இன்னும் நான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம். ஏலம் முடிந்து ஆட்டம் பாதியில். மலைப் பேருந்தின் கண்டக்டர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார், டாக்டரின் முன்னால் பச்சைத் துணிமேல் ஒரு கடுக்காயை வைத்தார், ஊர்ப் பெயரைச் சொன்னார், போய்விட்டார். டாக்டர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். “மன்னிக்கணும், கட்டாயம்.” பை தோளுக்கு ஏறியது. வெளியே பேருந்து கிளம்பும் ஓசை. எங்கள் மூவருக்கும் நடுவில் அந்தக் கடுக்காய் ஐந்தாவது நிறத்துச் சீட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் வந்ததும் ரைஸ்மில்காரர் விடவில்லை. “இன்னாம்மா அது, செய்வினையா?”

சிரித்தார். அப்புறம் சொன்னார். மலையில் அவர் சேர்ந்த புதிது. போன் டவர் எட்டாத ஊர்கள். சேதி என்றால் கண்டக்டர் வாய்மூலமாகத்தான் வரும். ஒருநாள் அப்படி ஒரு சேதி வந்தது: “மாடு கொஞ்சம் அசதியா இருக்குது, டாக்டரம்மா முடிஞ்சா ஒரு எட்டு வந்து பாக்கட்டும்.” அன்று அவருக்குத் தடுப்பூசி வேலை. முடிந்தால் என்றுதானே சொன்னார்கள், நாளைக்குப் போகலாம் என்று நினைத்தார். மறுநாள் போனபோது மாடு கிடந்தது. கன்று குறுக்கே திரும்பிப் பிறக்க முடியாமல், இரண்டும் போய்விட்டன. அந்த வீட்டம்மா ஒரு சொல் கடிந்து பேசவில்லை. நடந்து வந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

“நான் கேட்டேன் சார், ‘ஏம்மா, உடனே ஓடியான்னு சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல?’ன்னு. அதுக்கு அந்தம்மா, ‘படிச்சவங்கள அப்டியெல்லாம் கூப்புடலாமாம்மா’ன்னாங்க. அவங்க மரியாதையா சொன்னாங்க, நான் லேசா எடுத்துக்கினேன். ரெண்டு பேருமே நல்லவங்கதான். மாடு செத்துப்போச்சு.”

சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார். யாருடைய தப்பும் இல்லை என்று எல்லோருக்கும் சொல்கிறவர், அந்தக் கதையில் மட்டும் அந்த வரியைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஊர் ஊராய்ப் போய்ப் பேசியிருக்கிறார். கண்டக்டரிடம் நெல்லிக்காய் வந்தால் மருந்து கொடுத்தனுப்பினால் போதும். கடுக்காய் வந்தால் கட்டாயம். இரவோ, மழையோ, ஞாயிறோ.

“நெல்லிக்காயக் கண்டக்டரு தின்னுட்டா?” என்றார் ரைஸ்மில்காரர்.

“அதெல்லாம் தின்னுக்கினுதான் இருக்காரு. அதனாலதான் அவசரத்துக்குக் கடுக்காய வெச்சேன். அத எவனும் வாயில வெக்கமாட்டான்.”

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் இல்லாமல் டாக்டரின் படம் முழுமையாகாது.

கரும்பு ஆலையில் அவன் அதிகாரி. அதே கள்ளக்குறிச்சியில், என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தான். மூன்று வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எலவனாசூர்கோட்டையில் அப்பா விட்டுப்போன நிலமும் ஒரு கிணறும். நிலத்தைப் பிரித்துக்கொண்டோம், கிணற்றை எப்படிப் பிரிப்பது? ஒருநாள் அவன் முறை, ஒருநாள் என் முறை. அவன் கரும்புக்காகப் பெரிய மோட்டார் இறக்கினான். அவன் முறையில் கிணறு சேற்றைத் தொடும். என் முறையில் தவளை பேசும். நான் போட்ட மல்லாட்டை, நிலக்கடலைதான், கருகிய அன்று, களை எடுக்க வந்தவர்கள் முன்னால் நான் “நீயெல்லாம் ஒரு அண்ணனா?” என்றேன். அவன் “கெணத்தத் தூக்கித் தலையில வெச்சுக்கினு போடா” என்றான். அதோடு சரி. வரப்பில் எதிரே வந்தால் ஒருவர் வாய்க்காலில் இறங்கி நடப்போம்.

அந்த வருடம் ஊற்று நின்றுபோனது. கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டிப் பக்கவாட்டில் துளை போட்டால்தான் தண்ணீர். சித்திரைக்குள் முடிக்காவிட்டால் அவன் கரும்பும் போகும், என் நிலமும் தரிசாகும். வெட்டுகிறவர் என்னிடம் வந்தார். “ரெண்டு பேரும் சேந்து சொன்னாத்தான் எறங்குவேன். நாளைக்கு ஒருத்தரு போலீசு கீலீசுன்னு வந்தா நான் குழிக்குள்ள இருப்பேன்.” அண்ணனிடமும் போய் அதையே சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் “பார்க்கலாம்” என்றோம்.

மன்றத்துக்கு அவன் வருகிற ஞாயிறு நான் போகமாட்டேன், நான் போகிற ஞாயிறு அவன் வரமாட்டான். யாரும் ஏற்பாடு செய்யாமலேயே அப்படி அமைந்திருந்தது. தை மாதம் ஒரு ஞாயிறு கணக்குத் தப்பியது. பின்னறையில் டாக்டர், ரைஸ்மில்காரர், அண்ணன், நான். நாலே பேர். யார் எழுந்து போனாலும் ஆட்டம் இல்லை. எங்கள் மன்றத்தில் டாக்டரே கொண்டுவந்த ஒரு வழக்கம் உண்டு: ஆளுக்கொரு சீட்டு உருவ வேண்டும், பெரிய சீட்டு இரண்டும் ஒரு ஜோடி, மூன்று மாதத்துக்கு ஜோடி மாறக்கூடாது. உருவினோம். அண்ணனுக்கு ராஜா. எனக்கு ராணி.

ரைஸ்மில்காரர் பதறிப்போனார். “இன்னொரு தபா எடுக்கலாம்மா, சீட்டு சரியா கலக்கல.”

“கலக்கினது நீங்கதான் மில்லுக்காரரே.”

“இல்லம்மா, இவங்க ரெண்டு பேரும்...”

“தெரியும். ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி நாலு பேரும் சரின்னோம். எனக்குப் புடிச்ச சீட்டு வந்தா ஒப்பந்தம், புடிக்கலன்னா கலக்கலன்னு சொல்ல முடியாது.”

நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். மூன்று வருடத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் சொன்ன முதல் சொல் “ஒரு டைமண்ட்.” நான் சொன்னேன், “ஒரு ஹார்ட்.” எங்களுக்குப் பதினைந்து சொற்கள் கிடைத்துவிட்டன. பதினாறாவதை இரண்டு பேருமே தொடவில்லை. அந்த மேசையில் அவ்வளவு சுத்தமாக யாரும் ஆடியிருக்க மாட்டார்கள், இருமல்கூட இல்லை. ஆனால் அவ்வளவு கேவலமாகத் தோற்றவர்களும் இல்லை. எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று பேசினால்தானே? நான் கேள்வி என்று நினைத்ததை அவன் பதில் என்று எடுத்துக்கொள்வான். அவன் அழைத்தால் நான் நின்றுவிடுவேன்.

நான்காவது வாரம் டாக்டர் எங்களுக்கு ஒரு புது நோட்டு வாங்கி வந்தார். “பேச வேணாம். எழுதுங்க. பிரஸ் சார் ஒரு வாரம், ஆலை சார் ஒரு வாரம். டீக்கடையில வெச்சுட்டுப் போங்க.”

நோட்டு போய் வந்தது. அண்ணன் பச்சை மையில் எழுதினான்: ‘இரண்டு கிளாவர் என்று ஆரம்பித்தால் கட்டாயம்.’ நான் கீழே நீலத்தில்: ‘சரி.’ இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி. ஒரு வாரம் பச்சையில் இப்படி வந்தது: ‘எதிராளி டபுள் சொன்னால் பயந்து ஓடக்கூடாது. சிலர் ஓடுவார்கள்.’ நான் எழுதினேன்: ‘பெரிய குரலில் சொன்னால் சின்னக் கை பெரிதாகிவிடாது. சிலர் அப்படி நினைக்கிறார்கள்.’ இரண்டையும் டாக்டர் குறுக்கே அடித்து ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘இவை ஒப்பந்தம் அல்ல, வசவு.’

நோட்டின் கடைசியில் அவர் கையெழுத்தில் ஒரே ஒரு வரி. எங்கள் இருவருக்கும் பொதுவாக: ‘எழுதாத ஏலம் வந்து சந்தேகமாக இருந்தால், கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளவும்.’

பங்குனி முதல் ஞாயிறு. மின்விசிறிக்குக் கீழே சீட்டுகள் பறக்காமல் இருக்க ரைஸ்மில்காரர் சாவிக்கொத்தை வைத்திருந்தார். கிணறு வெட்டுகிறவர் முந்தின நாள்தான் வந்து சொல்லியிருந்தார், வேறு ஊரில் வேலை கேட்கிறார்கள், இந்த வாரத்துக்குள் சொல்லாவிட்டால் போய்விடுவேன் என்று. அதே சேதி அண்ணனுக்கும் போயிருக்கும். இரண்டு பேர் மடியிலும் அது கனத்துக்கொண்டிருந்தது.

என் கையில் ஸ்பேட் ஐந்து, மற்றபடி சுமார். “ஒரு ஸ்பேட்” என்றேன். அண்ணன், “இரண்டு டைமண்ட்.” நான் என் கை சிறியதுதான் என்று காட்ட, “இரண்டு ஸ்பேட்.” அவன் கையிலிருந்த சீட்டை மாற்றி அடுக்கினான். பிறகு சொன்னான்.

“மூன்று ஸ்பேட்.”

ஏலத்தில் சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும்; மூன்று என்றால் ஒன்பது பிடி. நான்கு என்றால் பத்து, பத்தில்தான் பெரிய புள்ளி. அவன் மூன்றில் வந்து நிற்கிறான். முடிந்தால் நான்குக்கு வா என்கிறானா, நான்குக்கு வந்தே ஆகவேண்டும் என்கிறானா? நோட்டில் இந்த வரி இல்லை. அழைப்பு என்றால், என் கைக்குப் பாஸ்தான் சரி. கட்டாயம் என்றால், பாஸ் சொன்னால் எல்லாம் கெட்டது.

அண்ணனுக்கு அடுத்தபடி பேச வேண்டியவர் டாக்டர். பாஸ் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சீட்டைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். எதிராளியின் ஏலத்துக்கு அர்த்தம் கேட்பது ஆட்டத்தில் உரிமை. சொன்னவரின் கூட்டாளிதான் பதில் சொல்லவேண்டும், உண்மையைச் சொல்லவேண்டும்.

“பிரஸ் சார், உங்க பார்ட்னர் சொன்ன மூணு ஸ்பேட்டுக்கு இன்னா அர்த்தம்?”

முன்னறையில் யாரோ கேரம் காயை அடித்துவிட்டுச் சிரித்தார்கள். நான் பச்சைத் துணியைப் பார்த்தபடி சொன்னேன்:

“தெரியல டாக்டர். நாங்க அதப் பத்திப் பேசிக்கல.”

“சரி” என்றார். “பாஸ்.”

பிற்பாடு அவர் சீட்டு மேசைக்கு வந்தபோது கவனித்தேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு ஏலத்தில் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எங்கள் ஏலத்தின் அர்த்தம் அவருக்கு எதற்கும் தேவைப்பட்டிருக்காது.

என் முறை. கூட்டாளியின் முகத்தைப் பார்த்து ஊகிக்கக்கூடாது. ஆனால் பார்க்காமலேயே அந்த முகம் தெரிந்தது. மாந்தோப்பில் கிளைமேல் நின்று என்னைக் கீழேயிருந்து கூப்பிடும் முகம். “ஏறு” என்பான். “முடிஞ்சா ஏறு” என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சந்தேகமென்றால் கட்டாயம், நோட்டின் கடைசி வரியும் அதைத்தான் சொன்னது.

“நான்கு ஸ்பேட்.”

எல்லோரும் பாஸ். ஆட்டம் என்னுடையது. அதனால் அண்ணன் தன் சீட்டையெல்லாம் மேசையில் விரித்துவைத்துவிட்டு வாய்மூடி உட்காரவேண்டும். விரித்தான். நடுத்தரமான கை. முடிந்தால் வா என்றுதான் சொல்லியிருக்கிறான். நானும் எல்லா வித்தையும் காட்டிப்பார்த்தேன். கடைசி டைமண்ட் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. ஒன்பது பிடி.

“ஒண்ணு கம்மி” என்றார் டாக்டர்.

“டேய்.”

பதினாறாவது சொல். மூன்று பேரும் நிமிர்ந்தோம்.

“டேய், முடிஞ்சா வான்னுதானடா சொன்னேன். கையில ஒண்ணும் இல்லாம எதுக்குடா நாலுக்கு ஏறின?”

“நீ எப்பண்ணா முடிஞ்சா வான்னு சொல்லியிருக்க? எங்க, ஒரு தபா சொல்லு. மரத்துக்கு மேல நின்னுக்கினு ஏறுன்னுவ, தண்ணியில நின்னுக்கினு குதின்னுவ. நான் இன்னாத்தக் கண்டேன்!”

“அதுக்காக? ரெண்டு ராணிய வெச்சுக்கினு?”

“நீ மூணு டைமண்ட்னு சொல்லியிருக்கலாமில்ல?”

“எனக்கு யாருடா சொல்லிக்குடுத்தா! அர்த்தத்த எழுதுறதுக்குப் பதிலா நோட்டுல குத்திக்காட்டிக்கினு இருந்த!”

“ஆரம்பிச்சது நீ. சிலர் ஓடுவார்கள்னு எழுதினது யாரு, நானா?”

ரைஸ்மில்காரர் எழுந்து கதவைச் சாத்தப் போனார். டாக்டர் தலையாட்டி அவரை உட்காரவைத்தார். ஆட்டம் முடியும்வரை முடிந்த கையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவரே போட்ட விதி. அன்று அதை அவர் எடுத்துச் சொல்லவில்லை. சீட்டை அடுக்கினார், உறையில் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது.

நாங்கள் கத்திக்கொண்டே இருந்தோம். மூன்று ஸ்பேட்டிலிருந்து டைமண்டுக்கு, டைமண்டிலிருந்து பெரிய மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து மல்லாட்டைக்கு. அவன் மோட்டார் வாங்கிய அன்று என் வீட்டுக்கு வந்ததாகவும் நான் அச்சகத்தில் இருந்ததாகவும் சொன்னான். வந்து என்ன சொன்னாய் என்றேன். “வந்தா கெணத்துப் பக்கம் வரச் சொல்லுன்னு சொல்லிட்டு வந்தேன்.” வீட்டில் எனக்கு அதைச் சொன்னார்கள், நினைவிருக்கிறது. வழக்கமான பேச்சு என்று நினைத்தேன். போகவில்லை. அதை அவனிடம் சொன்னேன். அவன் மேசைமேல் இருந்த சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டான். அது ரைஸ்மில்காரருடையது.

டாக்டர் பையை மாட்டிக்கொண்டு வாசற்படிவரை போய்விட்டார். வெளியே மலைப் பேருந்து முதல் ஹாரன் அடித்தது.

அண்ணன் குரல் இறங்கியிருந்தது. “வெட்டுறவன் ஒங்கிட்டயும் வந்தானா?”

“வந்தாரு.”

“இன்னா சொன்ன?”

“பாக்கலாம்னேன்.”

“நானும் அதான் சொன்னேன்.” சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். “நாளைக்குக் காலையில போய் எறங்கச் சொல்லலாமா? ரெண்டு பேருமா?”

இரண்டாவது ஹாரன். டாக்டரின் ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில். திரும்பிப் பார்க்கவில்லை. போகவும் இல்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு காது கொடுத்துக்கொண்டிருந்தது.

“போலாம்ணா” என்றேன். “ஆறு மணிக்கு வூட்டாண்ட வரேன்.”

படியிலிருந்த கால் இறங்கியது. கடிகாரக் கையால் பையை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரும்பு லாரி கிளப்பிவிட்டுப் போன புழுதிக்குள், ஒரு கையைத் தூக்கிக் கண்டக்டரைக் கூவி அழைத்தபடி அவர் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.